ஏர் படாத இடம்

அருணாதேவி வீட்டு நிலத்தில் நிற்கும் நெடுங்கல்லுக்கு மூவாயிரம் வயதாம். தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமென்று நீலப் பலகை நட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அதுவரை மாடுகள் முதுகு சொறிந்துகொண்ட கல். பலகை வந்ததும் அவள் புருஷன் முருகவேலுக்குத் தலைகால் புரியவில்லை. திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால், கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கல் புராணம்தான்.

அந்த வாய்தான் இன்று அடைத்துப்போயிருந்தது.

கல்லடியில் என்ன இருக்கிறதென்று தோண்டிப் பார்க்க, துறை அதிகாரி மணிமொழி ஆட்களோடு வந்திருந்தார். கல்லுக்குக் கிழக்கே முளை அடித்துச் சதுரமாகக் கயிறு கட்டினார்கள். கயிறு இறுக இறுக முருகவேலின் முகம் செத்துப்போனது. காரணம் அருணாதேவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

அவர்களுடைய தலைச்சன் பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. அவள் மயக்கம் தெளிவதற்குள் முருகவேல் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டான். அப்படிப் போன பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, அடையாளம் வைக்கக் கூடாது, பெற்றவளுக்கு இடத்தைக் காட்டவும் கூடாது. காட்டினால் அடுத்தது தங்காதாம். யார் போட்ட சட்டமோ, பெற்றவளைக் கேட்டா போட்டார்கள்? பிறகு பிறந்த இரண்டும் காலேஜுக்கே போய்விட்டன. அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆனால் மல்லாட்டை விதைக்க உழும்போதெல்லாம், கல்லுக்குக் கிழக்கே ஒரு பாய் அகலம் விட்டுத்தான் டிராக்டரைத் திருப்புவான். கேட்டால், "கல்லுல இடிச்சிக்கும்" என்பான். மற்ற மூன்று பக்கமும் கல்லை ஒட்டி உழுகிறவனுக்கு அங்கே மட்டும் இடிக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம்.

ஓர் ஆள் மண்வெட்டியை ஓங்கினான். முருகவேல் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தப் பக்கம் வேணாங்க மேடம்," என்றாள் அருணாதேவி. "அங்க எங்க பாப்பா இருக்குது."

மண்வெட்டி மெல்லக் கீழே இறங்கியது. மணிமொழி அவளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் செத்துப்போன யாருக்கோ அவங்க வீட்டு ஜனங்க நட்ட கல்லுதாம்மா," என்றார். முளைகளைப் பிடுங்கி மேற்கே அடிக்கச் சொன்னார்.

முருகவேல் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "உனக்கு யாரு சொன்னா?"

"நீதான். வருஷா வருஷம் உழாம விட்டியே."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் பொங்கியது, பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் ஒற்றை ஆளாகக் காவல் காத்திருக்கிறான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் மூஞ்சியக்கூட காட்டல. நீ பாத்தியே, யாரு ஜாடை?"

அவன் யோசிக்கவே இல்லை. "உன் ஜாடைதான். மோவாயில உனக்கு இருக்கிற குழி அதுக்கும் இருந்துச்சு."

அருணாதேவி தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.