துணி படாமல்

துவைக்கப் போடும் கூடையில் மகன் சிட்டுவின் ஜட்டிகள் மட்டும் ஏன் இப்படிப் பெருகுகின்றன என்று மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. ஐந்து வயதுப் பையன். நாளுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடையைக் கவிழ்த்தபோது கை வைத்த இடமெல்லாம் ஜட்டியாகவே வந்தது. அதிலும் பாதி அழுக்கே ஆகாதவை.

ஊரார் வீட்டு வாஷிங் மெஷின்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் அவன். எந்தக் கோளாறையும் யூகித்து மெஷினைப் பிரிக்க மாட்டான். தண்ணீர் உள்ளே வருகிறதா, டிரம் சுற்றுகிறதா, தண்ணீர் வெளியே போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் குற்றவாளிப் பாகம் தனியாக நிற்கும். அதே வழியில் இதையும் பார்த்தான். படுக்கையை நனைக்கிறானா? மெத்தை காய்ந்தே இருந்தது. வயிற்றுக் கோளாறா? இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவதா? டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் சர்வீஸ் பண்றாரு, சொந்த வீட்டு ஜட்டி கேஸ் முடியல," என்றாள் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. யாருக்கு எது சரியாகப் பொருந்தவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இந்த விஷயத்தில் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மாலை பையனைக் குளிப்பாட்ட நிறுத்தியபோது விடை கிடைத்தது. நிக்கரைக் கழற்றினால் உள்ளே நீல ஜட்டி. அதைக் கழற்றினால் பச்சை. அதற்கும் உள்ளே, கார் படம் போட்டது ஒன்று.

"குளிருதாடா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு மூணு?"

சிட்டு குழாயைப் பார்த்தபடி சொன்னான். "வெள்ளிக்கிழமை எங்க ரெண்டு பேருக்கும் வெட்டப் போறாங்கன்னு குண்டு சொன்னான். மூணு போட்டா கத்தி உள்ள வர லேட்டாகும்ல."

குண்டு, மெக்கானிக்கின் அக்கா மகன். எட்டு வயது. சிட்டுவுக்கு அவன் சொல்வதுதான் வேதம்.

மெக்கானிக் வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் பொய்யான எதையும் கேட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பையன்களுக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் சுன்னத் செய்ய அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். சிட்டுவிடம் பலூன் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. மெக்கானிக் அதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தான். மனைவியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அவள் வேறு மதத்தில் பிறந்தவள்; அவள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. கல்யாணத்தின்போதே இந்தப் பேச்சு வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். மெஷினில் லேசாகக் கசிவு தெரியும்போது எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவனுக்கு நடந்தது ஏழு வயதில். மேலே பாரு, கிளி பறக்குது என்றார்கள், பார்த்தான், முடிந்துவிட்டது. அந்த வலி இப்போது ஞாபகத்தில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் யார் மேலே பார் என்றாலும் அவன் பார்க்கவில்லை என்பது ஞாபகம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. எப்போதும் வேலை வேலை என்று அலைந்த அப்பா அந்த ஒரு வாரம் முழுக்க அவன் பக்கத்திலேயே படுத்திருந்தார். இரவில் புரண்டால், "என்னய்யா?" என்று நெற்றியில் கை வைத்தார். எனக்கும் என் அப்பாவுக்கும் நடந்ததுதான் உனக்கும் நடந்தது, நீ இந்த வரிசையில் ஒருவன் என்று அந்தக் கை சொன்னதாக அவன் இன்றும் நம்பினான். அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் அவன் ஆசைப்பட்டான். கத்தியை நினைத்து அவன் தலையாட்டவில்லை.

பையனைத் துவட்டிக்கொண்டே, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று விளக்க ஆரம்பித்தான். விளக்குவது என்றால் அவனுக்கு உயிர். வலிக்காமல் இருக்க ஊசி போடுவார்கள், டாக்டர் செய்வார், ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று எல்லாம் சொன்னான். கடைசியில்தான் தப்பு செய்தான்.

"அது ஒண்ணுமில்லடா. நுனியில ஒரு சின்னத் தோல். தேவையில்லாதது."

சிட்டு துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "தேவையில்லன்னா ஏன் மாட்டியிருக்கு?"

அந்தக் கேள்வியைப் பையனுக்குக் கொடுத்தவனே மெக்கானிக்தான். வீட்டில் எதைப் பிரித்து மாட்டினாலும், மாட்டி முடித்த பிறகு கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தால் வேலை தப்பு, செய்தவன் எதையும் சும்மா மாட்டியிருக்க மாட்டான் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

"அப்படித் தேவையில்லாததுன்னு சொல்லக் கூடாது," என்றான் மெதுவாக. "நான் சொன்னது தப்பு. அல்லாஹ்வுக்காக நம்ம ஆளுங்க காலங்காலமா செய்யறது. அவ்வளவுதான்."

"எனக்கு இப்ப வேணாம்பா," என்றான் சிட்டு, ஏதோ இன்னொரு இட்லி வேண்டாம் என்பதுபோல.

பையன் தூங்கிய பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உங்க அல்லாஹ்கிட்ட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. பலூன் கடைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போக இருந்தீங்க பாருங்க, அதான் தாங்க முடியல."

"டாக்டர்கிட்ட கேட்டேன். மருத்துவத்துக்குன்னு கட்டாயம் இல்ல, ஒண்ணு ரெண்டு வியாதி வர்றது குறையலாம், எந்த ஆபரேஷன்லயும் இருக்கற சின்ன ரிஸ்க் இதுலயும் உண்டு, முடிவு உங்க வீட்டுலதான்னு சொல்லிட்டாரு."

"அப்ப வீட்டுல இருக்கற எங்கிட்டயும் கேட்டிருக்கலாம்."

அவன் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தான்.

"அஞ்சு வயசுல அவன் சரின்னு சொன்னாலும் அது சரி கிடையாது. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா எதுக்கும் சரின்னுதான் சொல்லுவான்," என்றாள். "ஆனா ஒண்ணு. நான் வேணாம்னு சொன்னதா உங்க அக்காகிட்ட போய் நிக்காதீங்க. வந்தவ கெடுத்துட்டான்னு பேரு வரும். வேணாம்னா, நீங்க உங்க வாயால சொல்லணும்."

அக்கா பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறவள். அவள் ஒரு பார்வை பார்த்தால் முழு பஸ்ஸும் உட்கார்ந்துவிடும். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. அம்மா அப்பா போன பிறகு மெக்கானிக்குக்குப் பிறந்த வீடு என்றால் அவள்தான். மறுநாள் அவள் எதிரில் நின்று, சிட்டுவுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"உன் பொண்டாட்டி சொன்னாளா?"

"நான்தான் சொல்றேன்."

"பொம்பளைப் புள்ளைக்குக் காது குத்தறப்ப யாராவது சம்மதம் கேக்கறாங்களா? உன் பொண்டாட்டியைக் கேட்டாங்களாமா?"

"கேக்கல. கேட்டிருக்கலாம்."

"புள்ளைக்குத் தடுப்பூசி போடற. அழுதா நிறுத்திடுவியா?"

"அது போடலைன்னா வியாதி வரும். இது அப்படி இல்லக்கா."

"வியாதிக்காகவா செய்யறோம்?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு நானும் நீயும் போய்ச் சேர்ந்துட்டா, அவன் நம்ம ஆளுன்னு எதை வச்சுடா சொல்லுவாங்க?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் வலித்தது. "குண்டுவுக்குச் செய்யறப்ப நான் வந்து கூட நிக்கறேன்," என்றான்.

"ஒண்ணும் வேணாம். எம் பையனைப் பார்த்துக்க எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை போயிற்று. சனி, ஞாயிறு போயிற்று. மெக்கானிக் அக்காவுக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. இருக்கிற ஒரே உறவை அறுத்துக்கொண்டு வந்துவிட்டோமோ என்று யார் வீட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் தோன்றியது. திங்கட்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"புண்ணுல துணி ஒட்டிக்கிட்டுப் பிச்சுப் பிடுங்குதுன்னு குண்டு கத்தறான். சும்மா காத்தாட விட்டா வெக்கமாம். பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எட்டிப் பார்க்குதாம். டாக்டர், லேசா மூடி வை, துணி மட்டும் படக் கூடாதுங்கறாரு. போர்வையைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டா ஃபேன் காத்துல ஆடி ஆடி அது மேலயே விழுது." என்றாள். "நீ வர்றியா?"

போகிற வழியில் சிட்டுவையும் ஏற்றிக்கொண்டான். மெக்கானிக்கின் பையில் பழைய டிரெயின் ஹோஸ் ஒன்று இருந்தது. மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய்; வரிவரியாக இருப்பதால் எவ்வளவு வளைத்தாலும் மடங்கி உடையாது. அக்கா வீட்டில் அதைக் கழுவி, இரண்டாக வெட்டி, உள்ளே தடித்த கம்பியைச் செலுத்தினான். முதலில் ஒரு துண்டை வில்லாக வளைத்துக் குண்டு படுத்திருந்த கட்டிலின் இரு பக்கச் சட்டத்திலும் கட்டி, மேலே போர்வையைப் போட்டுப் பார்த்தான். வளைவுக்கு இரண்டு பக்கமும் போர்வை சரிந்து, குண்டு "மாமா, மாமா" என்று அலறினான்.

"ஒண்ணு போதாது," என்றான் மெக்கானிக்.

சிட்டு கட்டிலின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். "ரொம்ப வலிக்குதா?"

"லேசா. நீ இருந்தா இந்நேரம் அழுதிருப்ப," என்றான் குண்டு.

"ஆமா," என்று ஒப்புக்கொண்டான் சிட்டு.

இரண்டாவது துண்டையும் வளைத்துக் கட்டி, இரண்டின் உச்சியையும் ஒரு கயிற்றால் இணைத்தான். முடிச்சுப் போட மூன்றாவது கை தேவைப்பட்டது. அக்கா குனிந்து கயிற்றின் நடுவில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு வளர்ந்து, ஏன் எனக்குச் செய்யலைன்னு உன் பையன் கேட்டா?" என்றாள், விரலைப் பார்த்தபடியே.

"அன்னைக்கே கூட்டிட்டுப் போவேன். ஒரு வாரம் கூடப் படுத்துப்பேன்."

"கேக்கவே இல்லைன்னா?"

"அப்பவும் என் பக்கத்துலதான் நின்னு தொழுவான்."

அக்கா விரலை எடுக்கவில்லை. அவன் முடிச்சை அவள் நகத்தை ஒட்டி இறுக்கியபோதுதான் மெல்ல உருவிக்கொண்டாள்.

வளைவுகள் இரண்டும் ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். உச்சிகளைக் கயிறு இழுத்துப் பிடித்திருந்தால் நடுவில் தொய்யாது. போர்வையின் ஓரங்களைத் துணிக் கிளிப்பால் சட்டத்தில் பிடித்துவிட்டால் ஃபேன் காற்றும் தூக்காது. அக்கா போர்வையை உதறி மேலே போட்டாள். அது கூடாரம் போல நின்றது. மெக்கானிக் பக்கத்திலிருந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தான். நான்கு விரல் அளவு இடைவெளி இருந்தது. துணி எங்கும் படவில்லை.