வெண்கல ஆத்தா

சர்க்காரிலிருந்து வருகிற எதையும் நான் நம்பமாட்டேன். முதல் ஜெர்மன் சண்டைக்குப் போன என் பையன் சடையன் பஸ்ராவில் செத்துப்போனான் என்று காகிதம் வந்தபோதும் அப்படித்தான். எனக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும்; அது இங்கிலீஷ். சேந்தமங்கலத்துத் தபால்காரர் இரண்டு தடவை படித்துச் சொன்னார். இன்ன தேதி என்றும் சொன்னார். அது என் காதில் நிற்கவில்லை.

அந்த வருஷம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். என் பெண்டாட்டி ஆராயி கஞ்சிகூட இறங்காமல் கிடந்தாள். இதையும் சொன்னால் போய்விடுவாள் என்று பயந்து காகிதத்தைக் கிணற்றில் போட்டேன். வெளியே சொல்லமாட்டேன் என்று தபால்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் எழுந்து நடமாடிய பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் தபாலாபீசுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே, விரித்த கை அகலத்துக்கு வெண்கல வட்டத் தட்டு. சண்டையில் செத்தவர்களின் வீடுகளுக்கு ராஜா அனுப்புவதாம். தபால்காரர் அதிலிருந்த எழுத்துகளைத் தடவிக் காட்டி, "இது உங்க பையன் பேருங்க" என்றார். துண்டுக்குள் சுருட்டி எடுத்து வந்தேன். வாசலிலேயே ஆராயி பிடுங்கிப் பார்த்துவிட்டாள்.

தட்டில் ஒரு பெண் நின்றாள். ஒரு கையில் சூலம், ஒரு கையில் மாலை, பக்கத்தில் சிங்கம்.

"ஏனுங்க, நம்ம ஆத்தா! சிங்கத்தோட வந்திருக்கறா பாருங்க. பையன் அனுப்புனதுங்களா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

விளக்கு மாடத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு விளக்கி, பொட்டு வைத்து, "போனவங்கெல்லாம் வந்துட்டாங்க ஆத்தா, என்ற பையனையும் கொண்டாந்து உடு" என்பாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து, பையன் வரவேண்டும் என்று ஆத்தா கோயிலில் தீக்குண்டம் இறங்குவதாக நேர்ந்துகொண்டாள். காப்புக் கட்டும்போது பூசாரி கேட்டார்.

"ஊட்டுல தீட்டு ஒண்ணும் இல்லீங்களே?"

ஆராயி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். பையன் செத்துக் கருமாதி செய்யாத வீடு அது.

நெருப்பின் பாதியில் அவள் தடுமாறினாள். இரண்டு பாதமும் வெந்துபோயின. பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி, "சுத்தமா இருந்தா ஆத்தா சுடுவாளா? என்ன பண்ணிப்போட்டு வந்து எறங்குனாளோ!" என்றாள். பெண்கள் விலகி நின்றார்கள். நான் ஆராயியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

காலில் எண்ணெய் தடவும்போது ஆராயி கேட்டாள். "எங்கிட்ட என்னங்க கொறை? வெரதத்துல ஒரு பொழுதும் தப்பலையே."

தட்டை எடுத்துவந்து அவள் விரலை எழுத்தின் மேல் வைத்தேன். "இது ஆத்தா இல்ல புள்ள. இது நம்ம சடையன் பேரு. செத்தவங்களுக்குன்னு அடிச்சது."

அவள் முந்தானையால் அந்தப் பெயர் மேலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"நீ காய்ச்சல்ல கெடந்தப்ப."

"என்னைக்குச் செத்தான்? திதி குடுக்கோணும்."

எனக்குத் தெரியவில்லை. காகிதம் கிணற்றில் கரைந்து ஐந்து வருஷம். தபால்காரரும் மாற்றலாகிப் போயிருந்தார்.

"மாசமாவது?"

அதுவும் தெரியவில்லை.

"அப்ப எல்லா அமாவாசைக்கும் சோறு வெக்கறேன்" என்றாள். "ஒண்ணாவது அவனுதா இருந்துட்டுப் போவுது."

முதல் அமாவாசைக்குப் படையல் வைத்தபோது அக்கம்பக்கம் கூடிவிட்டது. "எப்பங்க சேதி வந்துச்சு?" என்று கந்தம்மாள் என்னைக் கேட்டாள். ஆராயி புண்ணுக்குச் சுற்றிய துணியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நேத்துத்தான்" என்றேன்.

கந்தம்மாள் ஆராயி பக்கம் திரும்பினாள். ஆராயி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆமாங்க. நேத்துத்தான்."