ஐந்தாவது ஆளுக்குப் பதில் ஆறாவது ஆள்

தராசுக்காரருக்கு அன்று வாயைத் திறக்க அனுமதி இல்லை. பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம்.

வார நாட்களில் அவருக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "நேத்து வரைக்கும் சரியாத்தான் சார் காட்டுச்சு." அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்திருக்கலாம். மாட்டார். பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் முகக் கவசத்தை மாட்டிக்கொண்டு, பேஸ்பால் ஆட்டங்களில் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் அம்பயராகக் குனிந்து நிற்கிறார். வாரத்துக்கு ஆறு நாள் கேட்கும் புலம்பல் போதாதென்று ஏழாம் நாளும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாரே என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறு அச்சக அணிக்கும் பஸ் டிப்போ அணிக்கும் ஆட்டம். அச்சக அணியின் தலைவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. சொந்தக்காரன் ஆடுகிற ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்று சங்கச் செயலாளரிடம் அவர் ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். இருந்த இன்னொரு அம்பயருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு தலைவர்களிடமும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்கினார்கள். டிப்போ தலைவர் ஒரு டிரைவர். தெருக்கோடியில் பேசினாலும் வீட்டுக்குள் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹாரன்.

"உங்க மச்சினனுக்குச் சாதகமா நீங்க என்னிக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கீங்க சார்?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார் ஹாரன்.

ஆட்டத்துக்கு முன் இரண்டு தலைவர்களும் யாருக்குப் பிறகு யார் அடிக்க வருவார்கள் என்று ஒன்பது பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பிரதி அம்பயரின் சட்டைப் பையில், ஒன்று எதிரணித் தலைவனிடம், ஒன்று ஸ்கோர் எழுதுபவளிடம். ஸ்கோர் எழுதியவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு எழுத்தில் கால் விடுபட்டிருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

முதல் பந்து அடிக்கத் தோதாக வரவில்லை, ஸ்ட்ரைக் இல்லை என்று அவர் சொன்னதுமே மச்சினன் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, அது எப்படி ஸ்ட்ரைக் இல்லாம போச்சு?"

"இங்க மாமா கிடையாது. அம்பயர்."

"சரிங்க அம்பயர் மாமா. அது எப்படி ஸ்ட்ரைக் இல்ல?"

ஆறு இன்னிங்ஸ் முழுக்க இதே கதை. ஓடி வந்தவன் மூன்றாவது பேஸ் திண்டில் கால் வைத்த பிறகு பந்தால் அவனைத் தொட்டுவிட்டு அவுட் கேட்டான். பந்து பேட்டரின் தோளில் பட்டதற்கு, தோள்தான் வழியில் வந்தது என்றான். தராசுக்காரருக்குத் தொண்டை வறண்டு, கவசத்துக்குள் வியர்வை கண்ணில் வழிந்தது.

கடைசி இன்னிங்ஸ். அச்சகம் நான்கு, டிப்போ மூன்று. டிப்போவில் இரண்டு பேர் அவுட். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆட்கள் நிற்கிறார்கள். இன்னும் ஒரு அவுட் எடுத்தால் அச்சகத்துக்கு வெற்றி. அடுத்து வர வேண்டியவன் வரிசையில் ஐந்தாவது ஆளான டிக்கெட் கிளார்க். ஆனால் அவன் பெஞ்சில் உட்கார்ந்து அறுந்துபோன ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவன் ஆறாவது ஆளான மெக்கானிக். கள்ளத்தனம் எதுவும் இல்லை. வெயிலில் மண்டை காய்ந்துபோய், தன் முறைதான் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டான். ஹாரனும் கவனிக்கவில்லை.

தராசுக்காரர் கவனித்தார். பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

விதி தெளிவானது. ஆள் மாறி வந்து அடித்துவிட்டால், அடுத்த பந்து வீசுவதற்குள் எதிரணி முறையிட வேண்டும். முறையிட்டால், வர வேண்டிய ஆள் அவுட். எடுத்த ரன் செல்லாது. ஆட்டமே அந்த அடியோடு முடிந்துபோனால், அம்பயர் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை நேரம் உண்டு. அம்பயர் தானாக வாயைத் திறந்து சொல்லவே கூடாது. ஸ்கோர் எழுதுகிறவரும் சொல்லக் கூடாது. கவனித்துக் கேட்பது எதிரணியின் பொறுப்பு.

அவர் தலையைத் திருப்பினார். மேசைக்குப் பின்னால் பிழை திருத்துகிறவள் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆட்டம்!" என்றார் தராசுக்காரர்.

இரண்டாவது பந்தை மெக்கானிக் ஓங்கி அடித்தான். பந்து மூன்றாவது பேஸைத் தாண்டிச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விழுந்து, வெள்ளைப் பொடியைக் கிளப்பிக்கொண்டு வேலி வரை ஓடியது. பேஸ்களில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டு ஆளுக்கொரு ரன் எடுத்தார்கள். ஐந்துக்கு நான்கு. டிப்போ ஆட்கள் மெக்கானிக்கைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

மச்சினன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஓடி வந்தான். கேட்கப் போகிறான், கேட்டுவிடுவான் என்று தராசுக்காரர் நினைத்தார்.

"பந்து கோட்டுல பட்டுச்சு மாமா! கோட்டுல பட்டா வெளியதானே?"

"கோடு உள்ளேதான் சேர்த்தி. ஃபேர்."

"அது எப்படி? கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிய, இந்தப் பக்கம் உள்ள. கோடு யாருக்கும் இல்ல. திரும்ப ஆடணும்!"

"கோடு யாருக்கும் இல்லன்னு எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல!"

கோட்டின் அகலம், சுண்ணாம்பின் தரம், கோடு போட்டவனின் கைநடுக்கம் என்று அவன் பேசிக்கொண்டே போனான். அவன் பின்பாக்கெட்டில் டிப்போவின் வரிசைச் சீட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஒரு முறை பார்த்தால் போதும். தராசுக்காரருக்கு அதைப் பிடுங்கி அவன் மூஞ்சியில் ஒட்ட வேண்டும்போல் இருந்தது.

அதைவிடப் பெரிய தலைவலி, எப்போது கிளம்புவது என்பது. நின்றால் மச்சினனுக்கு நேரம் கொடுத்ததாகும். விறுவிறுவென்று நடந்தால் டிப்போவுக்கு உதவி செய்ததாகும். மற்ற ஞாயிறுகளில் எப்படிக் கிளம்புவோம் என்று யோசித்துப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. பிளேட்டைத் துடைக்கும் தூரிகையைப் பையில் செருகினார். மீதிப் பந்துகளை எண்ணிப் போட்டார். தண்ணீர் குடித்தார். வழக்கமாக இவ்வளவு மெதுவாகவா குடிப்போம்?

மச்சினன் இன்னும் சுண்ணாம்பை விடவில்லை. அப்போதுதான் அது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். மேசைப் பக்கம் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"வேற என்ன கேக்கறது? கோட்டைப் பத்தியே உங்களால பதில் சொல்ல முடியல!" என்று மச்சினன் தொப்பியைத் தரையில் அடித்தான்.

தராசுக்காரர் திரும்பிப் பார்க்காமல் வேலிக்கதவைத் தாண்டி வெளியே போனார். பிழை திருத்துகிறவள் ஸ்கோர் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதைத் தன் அணித் தலைவன் முன் விரித்து வைத்தாள்.

"இப்ப சொல்லலாம்" என்றாள்.

தராசுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மச்சினனின் ஃபோன் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்த மனைவி நகரவில்லை.

"ஏங்க, தெரிஞ்சேதான் சொல்லலையா?"

"சொல்லக் கூடாது. விதி."

"என் தம்பி குழிக்குள்ள விழப் போறான்னா, கேட்டாத்தான் சொல்லணும்னு விதி இருந்தா நிப்பீங்களா?"

"இது குழி இல்ல. பந்து."

"பேச்சைப் பாரு" என்று அவள் உள்ளே போனாள். தட்டு மேசையில் வைக்கப்பட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவள் அதை வாங்கி மூடி, தண்ணீர்ச் சொம்பின் மேல் மூடியாக வைத்தாள்.

மறுநாள் இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று மச்சினனுடையது: அம்பயர் தப்பைப் பார்த்தும் மறைத்தார். இன்னொன்று ஹாரனுடையது: ஆட்டம் முடிந்த பிறகும் அம்பயர் வேண்டுமென்றே தங்கி, தண்ணீர் குடித்து, மச்சினனுக்கு ஜாடை காட்டினார்.

செயலாளர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த சூடான காகித வாசனையடிக்கும் அறைதான் சங்க அலுவலகம். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துச் செயலாளர் சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் திட்டுறாங்க. அப்படின்னா நீங்க சரியாத்தான் நடந்திருக்கீங்க."

"அது என்ன கணக்கு?" என்று எரிந்து விழுந்தார் தராசுக்காரர். "ரெண்டு பக்கமும் திட்டினா நான் ரெண்டு தப்பு பண்ணியிருக்கவும் கூடும். மச்சினன் சொல்றது தப்பு, அது விதி. ஆனா ஹாரன் சொல்றதுல பாதி உண்மை. வேற ஏதாவது கேக்கணுமான்னு நான் கேட்டிருக்கக் கூடாது. எழுதிக்குங்க."

"அட, விடுங்க சார். அவனுக்குத்தான் புரியவே இல்லையே."

"அவன் மண்டைக்கு ஏறலைங்கறது என் யோக்கியதை ஆகாது. எழுதுங்க."

வேண்டாவெறுப்பாகச் செயலாளர் எழுதினார்: முடிவு செல்லும், அம்பயருக்கு எச்சரிக்கை. பிறகு அதே மூச்சில், "இந்த ஞாயிறும் நீங்கதான் வரணும். அந்த இன்னொரு அம்பயருக்கு இடுப்பு இன்னும் சரியாகல" என்றார்.

மச்சினன் மூன்று வாரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் மட்டும், அவர் அங்கே இல்லாததுபோல, "அவருக்கு டீ வேணுமான்னு கேளுக்கா" என்பான். நான்காவது வாரம் அச்சக அணியின் ஆட்டத்துக்குத் தராசுக்காரரே வர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பேட்டரும் வந்து நின்றதும் மச்சினன் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினான், சீட்டை எடுத்தான், விரலை வைத்துப் படித்தான், "முறையீடு! இவன் வர வேண்டிய ஆள் இல்ல!" என்று கத்தினான். ஒவ்வொரு தடவையும் வந்தவன் வர வேண்டிய ஆளாகவே இருந்தான். இரண்டு மணி நேர ஆட்டம் நாலு மணி நேரத்தைத் தொட்டது. பந்து வீச வேண்டிய சொந்த பிட்சரே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பதினோராவது முறையீட்டில் தராசுக்காரர் கவசத்தைக் கழற்றினார்.

"நீ பாக்கிறது உங்க அணிச் சீட்டுடா."

மச்சினன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். காது மடல் வரை சிவந்தது. பிளேட்டைத் துடைக்க அவர் குனிந்தபோது அவனும் கூடவே குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அன்னிக்கு அவ்ளோ நேரம் வாயை மூடிட்டு நிக்க உங்களுக்குக் கஷ்டமா இல்லையா மாமா?" என்றான்.

"உயிர் போச்சு" என்றார் அவர், தூசியைத் தள்ளியபடியே. "நீ வேற சுண்ணாம்பைப் பத்தியே பேசிட்டு இருந்த."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினான். அடுத்த பந்தை அவர் ஸ்ட்ரைக் இல்லை என்று சொன்னதும், அங்கிருந்தே கத்தினான்: "அது எப்படி மாமா ஸ்ட்ரைக் இல்ல?"