ஒன்பதாவது கேள்வியில் ஒரு மாமியார்

ஒரே மணியோசையில், ஆயிரத்து முந்நூறு ஆசிரியர்களை ஆயிரத்து முந்நூறு வீடுகளில் ஒரே நொடியில் எழுந்து நிற்க வைத்தவள் நான். அதுவும் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, சமையலறை முக்காலியில் உட்கார்ந்தபடி. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆள் என் மருமகளின் தலைமையாசிரியை.

மருமகள் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளுக்கு மணி பார்க்க வரவில்லை என்று, எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள்ளைக் குறடால் பிடுங்கிவிட்டு, வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சின்ன முள் மட்டும் மிச்சம். "மூணு தாண்டிருச்சு, நாலு வரல" என்று நாலே நாளில் வகுப்பே சொல்ல ஆரம்பித்தது. அதை வீடியோ எடுத்து, பயிற்சித் தாளோடு ஆசிரியர்களின் இணையக் குழுவில் போட்டாள். வேண்டியவர்கள் தங்கள் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் போட்டாள். எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒரு டீச்சர், "என் வகுப்பில் கடைசி பெஞ்சும் மணி சொல்லுது" என்று பதில் எழுதியதைப் படித்த சந்தோஷத்தில் அடுப்பை மறந்தோம். பொங்கிய பால் தெருமுனை வரை ஓடியது.

மூன்று மாதம் கழித்து ஒரு பயிற்சி நிபுணர் அதையே 'என் ஒற்றைமுள் முறை' என்று தன் பக்கத்தில் வெளியிட்டார். "சார், இது என் வகுப்புல செஞ்சது" என்று மருமகள் மரியாதையாகக் கீழே எழுதினாள். அவளை பிளாக் செய்தார். அதோடு விட்டாரா? தன் உழைப்புக்கு அவள் உரிமை கொண்டாடுவதாகப் பள்ளிக்குப் புகார் அனுப்பினார். குழுவிலோ பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். வீடியோவும் தாளும் இருந்த அவளுடைய பழைய போனும் செத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் பணிப் பதிவேட்டில் ஏற்றுவேன் என்று தலைமையாசிரியை குறிப்பாணை கொடுத்தார்.

பறிகொடுத்தவள் பறித்தவரிடம் மன்னிப்புக் கேட்பதா? எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில்லாமலே உலை கொதித்திருக்கும்.

"எழுதிக் கொடுத்துடறேன் அத்தை. வேலைதான் முக்கியம்."

"நீ பேனாவ எடுத்துப் பாரு, அதை ரெண்டா ஒடிக்கிறேன்."

வியாழன் மாலை நிபுணரின் நேரலைப் பயிற்சி. குழுவில் உள்ள ஆயிரத்து முந்நூறு பேரும் கட்டாயம் வர வேண்டும். ஓய்வு பெற்றவர்களைக் குழுவிலிருந்து யாரும் நீக்குவதில்லை. நாங்கள் இருப்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. நானும் நுழைந்தேன். நிபுணர் தாமே தயாரித்ததாகச் சொல்லி ஒரு பயிற்சித் தாளைத் திரையில் காட்டினார். பார்த்து எழுதுகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுமே, அந்தக் கதைதான். ஒன்பதாவது கேள்வி: 'எங்கள் மாமியார் நான்கு மணிக்குப் பழைய பள்ளிக்கூட மணியை அடித்து எங்களைத் தேநீருக்கு அழைப்பார். படத்திலுள்ள கடிகாரப்படி இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?'

மருமகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் மைக்கைத் திறந்தேன்.

"சார், ஒன்பதாவதுல வர்ற மாமியார் யாரு?"

"அது... என் மாமியார்தான் மேடம்."

"பள்ளிக்கூட மணி அவங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"சும்மா, கற்பனை."

"ஒரு நிமிஷம் முன்னாடி உங்க மாமியார், அதுக்குள்ள கற்பனையா? பாவம் சார் அந்தம்மா. அந்த மாமியார் நான். கேள்விய எழுதினவ என் மருமக. மணி இதோ."

எங்கள் பள்ளிக்கு மின்சார மணி வந்தபோது எனக்குக் கொடுத்தனுப்பிய பித்தளை மணி அது. பள்ளி விடும்போது அடிக்கும் நீள மணியை அடித்தேன். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் இருந்த தலைகள் எல்லாம் மேலே போய், வயிறுகள் மட்டும் தெரிந்தன. முப்பது வருடப் பழக்கம்; காலுக்கு என்ன தெரியும்?

பிறகு உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள், எழுதினார்கள். கடைசி பெஞ்சு டீச்சர், தான் அன்றைக்கே சேமித்து வைத்திருந்த தாளை மருமகளின் பெயரோடும் தேதியோடும் போட்டார். நிபுணரின் சதுரம் இருண்டது.

வெள்ளி காலை தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர். குறிப்பாணையைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

"கிழிச்சா ஆச்சா? வெள்ளிக்கிழமைக்குள்ள மன்னிப்புக் கடிதம் வேணும்னியே. இன்னிக்கு வெள்ளிதான். நீ எழுது."

எழுதி மருமகளிடம் நீட்டினார். இரண்டு ஒற்றுப்பிழைகள். திருத்திக் கொடுத்தேன்.

"தாள் விஷயம் சரிக்கா. ஆனா அத்தனை பேரும் எழுந்து நின்னாங்கன்னு நேத்துலேருந்து போன் போட்டுச் சொல்றீங்களாமே. அளந்து விடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"நீ எழுந்தியா, இல்லையா?"

அவர் மருமகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"எழுந்தேன்க்கா. பையை மாட்டிக்கிட்டு, செருப்பையும் போட்டுக்கிட்டு, வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறந்தான் இது என் வீடுன்னு உறைச்சுது."