பெட்டிக்குள் தொங்கிய மாவு

தாயிடமிருந்து பிரித்துப் பன்னிரண்டு நாளாகியும் அந்தப் பதினோரு பன்றிக்குட்டிகளுக்கு எடை ஏறவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அதிலேயே பொடிசுக்கு 'அரைப்படி' என்று பெயர் வைத்தது அரவைக்காரனின் மனைவி. குட்டிக் கொட்டகை அவள் பொறுப்பு. தீவனம் அரைக்கிற மிஷின் அவன் பொறுப்பு.

"வர்ற வியாழக்கிழமை தராசுல ஏத்துவோம்ண்ணே," என்றார் பண்ணை சூப்பர்வைசர். "ஏறலைன்னா பதினொண்ணையும் கழிச்சிட வேண்டியதுதான். பெட்டி நிறைய தீவனம் கிடக்கு, தின்னாத உருப்படிய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவனுக்குச் சுருக்கென்றது. இந்தக் குட்டிகளுக்கென்றே இருப்பதிலேயே பொடிக்கண் சல்லடையை மாட்டி, மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் முகப்பவுடர் மாதிரி அரைத்துக் கொடுத்திருந்தான். பச்சைத் தொண்டை, சிக்கிவிடக் கூடாதே என்று. யாரும் சொல்லிச் செய்ததில்லை.

நேரே கொட்டகைக்குப் போனான். "வேளாவேளைக்குத் தீவனம் போடுறியா இல்லையா?"

"போடாம, மூட்டை கட்டி எங்க அம்மா வீட்டுக்கா அனுப்புறேன்? நீங்களே பாருங்க, தளும்புது."

மேலே கொட்டினால் கீழ்வாய் வழியே தானாக இறங்குகிற தகரத் தீவனப் பெட்டியை, கோபத்தில் ஓங்கித் தட்டினாள். மேலே தொம்மென்றது. கீழே தட்டினாள். டங்கென்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் ஈரத்தரையிலேயே மல்லாந்து படுத்து, பெட்டியின் கீழ்வாய்க்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தான். தூண் கிடையாது, ஆணி கிடையாது. அவன் அரைத்த மாவு ஒன்றோடொன்று இறுகி, கூரை போட்டாற்போல வளைந்து தொங்கியது. அதற்கு மேலே ஒரு மூட்டைத் தீவனம். கீழே வெறும் தகரம். அதில் படிந்த தூசியைத்தான் இத்தனை நாளும் குட்டிகள் நக்கியிருக்கின்றன. அரைப்படி தும்மிவிட்டு, வியர்வை உப்புக்காக அவன் காதை நக்கியது.

"அடப் பாவி மனுஷா," என்றாள் அவள், மெதுவாக. "பாசத்துல அரைச்சு அரைச்சே பட்டினி போட்டிருக்கீங்களே."

அன்றைக்கே பெரிய கண் சல்லடையை மாட்டினான். அரைத்ததை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல் மாதிரி இருக்க வேண்டும்; இருந்தது. அதை அவள் வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்து, தாழ்வான தட்டுகளில் நாளைக்கு நாலு தடவை வைத்தாள். முதல் தட்டை வைத்ததும் பதினோரு மூக்கும் ஒரே இடத்தில் முட்டின. அந்தச் சளக் புளக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு நின்றான்.

அதே சோளம். அதே சோயாப் புண்ணாக்கு. உடைத்த விதம்தான் வேறு. மூன்றாம் நாள் விலா எலும்பு மறைந்தது. ஐந்தாம் நாள் மயிர் பளபளத்தது. அவன் தினமும் போய், குட்டிகளின் முதுகில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

வியாழக்கிழமை. ஐந்து கிலோவில் நின்றிருந்த அரைப்படி ஆறரை காட்டியது. சூப்பர்வைசர் இறக்கிவிட்டு, தராசைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். ஆறரையேதான். மற்றதுகள் அதைவிடக் கூடுதல்.

"என்ன மருந்துண்ணே குடுத்தீங்க?"

"மருந்தெல்லாம் இல்லை சார். சல்லடைய மாத்தினேன். முதல்ல தப்பாப் போட்டிருந்தது நான்தான்."

பதினொன்றையும் கழிக்க எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அரைப்படியைத் தூக்கினான். போன வாரம் ஒரு கையிலேயே தூக்க முடிந்தது. இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது. சூடாக இருந்தது, துள்ளியது. சாக்கில் உலர்ந்து கிடந்த சோளமா இப்படித் துடிக்கிறது என்று பார்த்தபடியே நின்றான்.

"இறக்கி விடுங்க," என்றாள் மனைவி, தட்டோடு வந்து. "அதுக்குச் சாப்பாட்டு நேரம்."