கை காட்டாத பள்ளம்

பள்ளம் இருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அதே ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது, நானே இறங்கி அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டேன். மறுநாள் போட்டியில் அந்த வட்டத்தைத் தாண்டும்போது நான் கை காட்டவில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன்.

சைக்கிள் பந்தயம் தெரியாதவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஜோடியாக ஓட்டும் போட்டியில் முன்னால் போகிறவள் எதிர்க்காற்றையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்வாள். பின்னால் வருகிறவள் அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு ஒட்டியே வருவாள். அவளுக்கு ரோடு தெரியாது, அந்தச் சக்கரம் மட்டும்தான் தெரியும். அதனால் பள்ளமோ கல்லோ கண்ணாடிச் சில்லோ எது வந்தாலும், முன்னால் இருப்பவள் ஒரு கையை எடுத்து விரலைத் தரையைப் பார்த்து நீட்ட வேண்டும். இடப்பக்கம் என்றால் இடக்கை, வலப்பக்கம் என்றால் வலக்கை. எங்கள் கோச் பிரேக் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைத்தான் சொல்லித் தருவார். கை காட்டாதவளுக்கு என் டீமில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

பின்னால் வந்தவள் என் தங்கச்சி. நான் எங்கே போனாலும் கூடவே வருவாள் என்பதால் அம்மா அவளுக்கு வால் என்று பெயர் வைத்தாள். கை காட்டும் பழக்கம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. சைக்கிளே இல்லாமல் சும்மா நடந்து போகும்போதுகூட, படியில் யாரோ விட்ட செருப்பு, கடை வாசலில் தேங்கிய தண்ணீர் என்று எதைக் கண்டாலும் பின்னால் வருகிற எனக்குக் காட்டிவிட்டுத்தான் தாண்டுவாள்.

"எனக்கும் கண்ணு இருக்குடி" என்பேன்.

"இருந்தா சந்தோஷம்" என்பாள்.

நான் ஆரம்பித்த காலத்தில் காலை வேளையில் அந்த ரோட்டில் ஓட்டியவர்கள் மொத்தமே ஆறு பேர். பேப்பர் போடுகிற பெண்ணா என்று என்னை நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. இன்றைக்குக் கிளப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள். பல் டாக்டர், வக்கீல், கல்லூரிப் பிள்ளைகள், பேரன் எடுத்த வாத்தியார் எல்லாரும் இறுக்கமான டவுசரைப் போட்டுக்கொண்டு விடிந்ததும் ஆஜராகிவிடுகிறார்கள். இந்தியப் பிள்ளைகள் வெளிநாட்டில் போய் மெடல் வாங்குவதை டிவியில் பார்த்து வந்த கூட்டம் அது. எங்கள் இரண்டு அறை வீட்டில் எங்கள் சைக்கிள்கள் கட்டிலுக்கு மேலே சுவர்க் கொக்கியில் தொங்கும். செயின் எண்ணெய் தலையணையில் சொட்டும். அம்மா திட்டித் திட்டி அலுத்துப்போனாள்.

அன்றைக்குத் தேசிய முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். நாற்பது கிலோமீட்டர், ஒரே ஒரு ஜோடிதான் தேறும். இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது கோச் ரோட்டோரம் நின்று நாலு விரலைக் காட்டினார். முதலிடத்துக்கு நாலு நொடி பின்னால் இருக்கிறோம் என்று அர்த்தம். நான் முன்னால் இருந்தேன். முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றி உடம்பைச் சுருட்டி வைத்திருந்தேன். ஒரு கையை எடுத்தால் உடம்பு நிமிரும், காற்று பிடித்து இழுக்கும், அரை நொடியாவது போகும். சாக்பீஸ் வட்டம் வந்தது. நான் லேசாக ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கிவிடுவாள் என்று நினைத்ததாக எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பொய். நான் அந்த நாலு நொடியைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது, வால் ஒரு பக்கம் கிடந்தாள்.

இடுப்பு, தொடை என்று மூன்று ஆபரேஷன். விழுவதற்கு முந்தின பத்து நிமிடம் அவள் ஞாபகத்திலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

"கை காட்டினியாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

"அப்ப நான்தான் பாக்கல" என்றாள்.

எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் லிஃப்டில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். "கதவு திறந்துச்சுன்னா லிஃப்ட் வந்திருக்கான்னு பாக்காம கால வைப்பியா? அவதான் காட்டினாளேம்மா" என்று வாக்கரைப் பிடித்து நடக்கிற பெண்ணிடம் கேட்பார். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவள், வாயே திறக்க மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். சோறு இறங்கத்தான் செய்தது.

இதற்கிடையில் தனியாக ஓட்டும் பிரிவில் எனக்கு முகாமில் இடம் கிடைத்தது. ஒருநாள் பயிற்சி முடிந்து வந்தால் கட்டிலுக்கு மேலே ஒரு கொக்கி காலியாக இருந்தது. ரிப்பேராகி வந்த தன் சைக்கிளை, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு வருஷத்துல ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரேடி."

"கவனம் கெட்டவளுக்கு எதுக்குக்கா? நாளைக்கு எனக்குப் பின்னாடி வர்றவளையும் சேர்த்துல்ல தள்ளிவிடுவேன்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழுவப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புதியவர்களிடம் பேசச் சொல்லி கோச் வாலை அழைத்திருந்தார். கிளப் ஷெட்டில் அறுபது பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய சைக்கிளை வாங்கிய பெண் முன்வரிசையில் இருந்தாள். வால் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"எங்கக்கா கை காட்டினா. நான் பாக்கல. கண்ணு ரெண்டும் நல்லாதான் இருக்காம், டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டார். புத்திதான் எங்கயோ மேயப் போயிருக்கு. என்னை நல்லா பாத்து வெச்சுக்குங்க. இதான் பாடம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவ மேல தப்பில்ல. நான் கை காட்டல" என்றேன்.

வால் என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "பள்ளம் உன் கண்ணுல படலயா?"

"பட்டுச்சு. முந்தின நாள் நான்தான் வட்டம் போட்டேன்."

"அப்புறம் ஏன்?"

"நாலு நொடி."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கோச் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "முகாமுக்கு நான் போன் பண்ணிடறேன். நீ நாளையிலேருந்து வர வேணாம்" என்றார். பதினோரு வருஷம் ஓட்டியவளுக்கு அது வலித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தங்கச்சியின் முகத்தைத் தவிர எதுவும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு அவள் முன்னால் போனாள். நாலடி தள்ளி நான் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெரு முனையில் குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய ஒரு குழி இருக்கிறது. அதற்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

என்ன ஆனாலும் வாக்கரிலிருந்து கையை மட்டும் எடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் வலக்கையை எடுத்தாள். வாக்கர் இடப்பக்கம் சாய்ந்தது, உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. விரலை நீட்டித் தரையைக் காட்டினாள். பிறகு பிடியைப் பற்றிக்கொண்டு, குழியைச் சுற்றி ஒவ்வொரு அடியாகப் போனாள்.

அது மன்னிப்பில்லை என்று எனக்குத் தெரியும். வெறும் பழக்கம். அந்தக் காலையில் அந்தப் பழக்கம் எனக்கும் இருந்திருந்தால் போதும். குழி ஓரத்திலேயே நின்று அழுதேன். அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது.