யாக்கோபு அண்ணரைப் பேரரசராக்கிய கதை

என் மகள் வேணுகா இங்கே இத்தாலியில், பலெர்மோவில் ஜப்பான் வரலாறு படிக்கிறாள். அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக் களைத்துப்போனேன். பரீட்சை வாய்மொழியாக நடக்கும். ஆகவே நான் மொண்டெல்லோவில் என் முதலாளியம்மா சின்யோராவின் வீட்டு வேலை முடித்து வந்து மீன் வெட்டும்போது, பாடத்தை என்னிடம் ஒப்புவிப்பாள். நாரா காலம் முழுக்க எனக்கு நித்திரைதான் வந்தது. ஹெயான் காலக் கடைசிக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்தேன்.

"பேரரசர் பதவியை மகனிட்டைக் குடுத்திட்டுத் துறவியாகி ஒதுங்கியிருப்பார். ஆனா எல்லா முடிவும் அங்கையிருந்துதான் வரும்," என்றாள் வேணுகா.

"இது எங்கடை யாக்கோபு அண்ணரெல்லோ!"

யாக்கோபு அண்ணர் பதினான்கு வருடம் இங்குள்ள தமிழரின் மாதா திருவிழாக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். போன வருடம் இளையவர்களுக்கு வழிவிடுகிறேன் என்று கண் கலங்கி விலகினார். இப்போது தலைவர் அமலன். எத்தனை கதிரை போடுவது என்பதைக்கூட அவன் அண்ணரைக் கேட்டுத்தான் சொல்வான்.

திருவிழாவுக்கு விடியமுதல் எழும்பிச் சமைப்பது பெண்கள். முதல் பந்தி ஆண்களுக்கு. எங்கள் முறை வரும்போது மீன் குழம்பில் மீன் இருக்காது. சட்டியை வழித்துச் சாப்பிட்டே பத்து வருடம் போய்விட்டது. இந்த முறை பெண்கள் முதலில் சாப்பிடட்டும் என்றேன். அமலன் அண்ணரைக் கேட்டான். அண்ணர், "வழமையில்லாத வேலை," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிறகு என்ன நடந்தது?" என்று வேணுகாவைக் கேட்டேன்.

"கமகுரா காலம். யோரிதோமோ எண்ட போர்த் தலைவர் ஷோகுன் ஆகி அதிகாரத்தைப் பிடிச்சார். ஆனா பேரரசரைப் பதவியிலையிருந்து கலைக்கேல்லை. பட்டமும் மரியாதையும் அவருக்கு, ஆட்சி ஷோகுனுக்கு."

"போதும். புத்தகத்தை மூடு."

அடுத்த நாளே கபோச் சந்தைப் பக்கம் இருக்கும் அண்ணர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணர், உங்களை நிரந்தரப் புரவலர் ஆக்கவேணும். மேடையிலை நடுக்கதிரை, பொன்னாடை, எவ்வளவு நேரமெண்டாலும் பேசலாம். சமையல், குசினி மாதிரிச் சில்லறை வேலையள் உங்களுக்கேன்? அதை எங்களிட்டை விடுங்கோ."

அண்ணர் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்தார்.

"பவளம் தங்கச்சி, பொன்னாடை என்ன நிறம்?" என்று என்னைக் கேட்டார்.

திருவிழா அன்று பூசை முடிந்ததும் மண்டபத்தில் அண்ணர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கையில் பதினொரு பக்கம். அவர் பேசும்போது எழும்ப எந்த ஆணுக்கும் துணிவில்லை. அதற்குள் பெண்கள் சாப்பிட்டுவிடவேண்டும்; இதுதான் என் திட்டம். நான் குசினிப் பக்கம் நழுவப் பார்த்தேன். எனக்கு உதவியாக வைத்திருந்த கத்தரீனா வழிமறித்து, என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டாள்.

"அக்கா, நீங்கள்தானே எங்கடை தலைவி. எங்கள் சார்பிலை மேடையிலை இருங்கோ. அகப்பையை நான் பாக்கிறன்."

எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்? போய் இருந்துவிட்டேன். இருந்த பிறகுதான் வயிறு கூப்பிட்டது. படமெடுக்க வந்த வேணுகா காதுக்குள் சிரித்தாள்.

"அம்மா, பிறகு ஷோகுனுக்கும் இதுதான் நடந்தது. ஹோஜோ குடும்பம் அவரைப் பேருக்கு இருத்திப்போட்டுத் தாங்கள் ஆண்டது."

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ!"

"நீங்கள்தானே புத்தகத்தை மூடச் சொன்னனீங்கள்."

ஆண்கள் எல்லாரும் மேடையைப் பார்த்திருந்தார்கள்; அண்ணர் தாளைப் பார்த்திருந்தார். மண்டபத்தின் பின்பக்கக் குசினிக் கதவு எனக்கு மட்டும் தெரிந்தது. பெண்கள் நிம்மதியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரீனா விரலைச் சூப்பினாள். இறங்கிப் போய் அவளுடைய காதைத் திருகவேண்டும் போலிருந்தது.

அண்ணர் பதினோராம் பக்கத்தை மடித்தார். ஆண்கள் கதிரைகளை இழுக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து, அடுப்படியில் கடைசிவரை நின்ற சூசையம்மா மாமி தட்டோடு வந்து உட்கார்ந்தார். தட்டில் முழுசாக ஒரு பாரை மீன் துண்டு. எழுபத்தொரு வயதில், திருவிழாவில் மாமி முதல்முறையாக மீனோடு சாப்பிடப்போகிறார்.

பசியை விழுங்கிக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணர், நீங்கள் முதன்முதல் இஞ்சை வந்திறங்கின கதையைச் சொல்லேல்லையே!"

அண்ணரின் முகம் மலர்ந்தது. மண்டபம் முழுக்க என்னை முறைத்தது. மாமி இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.